இசக்கியா, எசக்கியா? ஒரே எழுத்தில் தட்டிப்போகும் வேலை!

டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்த வாரத்தில் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்ட், வண்ணார்பேட்டை, நெல்லை ஜங்ஷன் என்று எந்தப் பக்கம் போய் பிரவுசிங் சென்டருக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. 'அண்ணாச்சி, குரூப் ஃபோர் போடணும்' என்று கவரை நீட்டிவிட்டு, பிள்ளைகள் பின்னால் நின்று மொபைலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டைப் அடிப்பது அண்ணாச்சி. கொஞ்ச நேரத்தில் பிரின்ட் அவுட் வரும். நாலாக மடித்து கவருக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

அந்தப் பிரின்ட் அவுட்டை எத்தனை பேர் முழுசாக வாசிக்கிறார்கள்?

2025 ஜூலை 12-ம் தேதி நடந்த குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்வோம். அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.89 லட்சம் பேர். ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய 350 பேர். இந்தப் போட்டியில் ஜெயிப்பதற்காக பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் காலையில் இடம்பிடித்து உட்கார்ந்து, மதியம் தூக்குவாளிச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, இருட்டிய பிறகு வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சங்க இலக்கியமும் சதவிகிதக் கணக்கும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் தேர்வுக்கு முந்தைய தேர்வான விண்ணப்பப் படிவத்தை மட்டும் இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இது அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. முழு விஷயம் அதுவல்ல.

ஒரு '1' குறைந்ததற்கு ஐந்தரை வருஷம்

பீகாரில் ஒரு கிராமத்து இளைஞர். 2017-ல் அந்த மாநிலக் காவலர் பணிக்கு விண்ணப்பித்தார். நம் ஊர் பிள்ளைகளைப் போலவே அவரும் ஒரு சைபர் கஃபேயில்தான் படிவத்தை நிரப்பினார். எழுத்துத் தேர்வில் பாஸ். உடல்தகுதித் தேர்விலும் பாஸ். 2018 ஜூனில் முடிவு வந்தபோது அவர் பெயருக்கு நேரே 'ஃபெயில்'. காரணம், பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 18.12.1997; விண்ணப்பத்தில் 08.12.1997. '1' இருக்க வேண்டிய இடத்தில் '0' விழுந்திருந்தது.

உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி கைவிரித்தார், டிவிஷன் பெஞ்சும் கைவிரித்தது. கடைசியில் 2024 ஜனவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலை கொடுக்கச் சொன்னது. இந்தத் தேதி மாற்றத்தால் அவருக்கு எந்த லாபமும் இல்லை, எந்தத் தேதியை எடுத்துக்கொண்டாலும் வயது வரம்புக்குள்தான் வருகிறார், சான்றிதழைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறார், இது அற்பப் பிழை என்பது நீதிபதிகள் ஜே.கே.மகேஸ்வரி, கே.வி.விஸ்வநாதன் சொன்ன காரணம். காலியிடம் இல்லையென்றாலும் இடம் உருவாக்கிக் கொடுக்கச் சொன்னார்கள்.

'அப்போ தப்பு விட்டாலும் கோர்ட்டுல பாத்துக்கிடலாம்'னு நினைக்கிறவர்கள் அடுத்த வழக்கையும் படிக்க வேண்டும். இதே இரண்டு நீதிபதிகள் 2023 அக்டோபரில் கொடுத்த தீர்ப்பு அது. 2022 சிவில் சர்வீசஸ் தேர்வை எழுதியவர்கள் பொருளாதாரத்தில் நலிவடைந்தோர் பிரிவில் இடம் கேட்டார்கள். 2020-21 நிதியாண்டின் வருமானத்தை வைத்து வாங்கிய சான்றிதழ், விண்ணப்பிக்கக் கடைசி நாளான 22.2.2022-க்குள் கையில் இருக்க வேண்டும் என்பது யு.பி.எஸ்.சி. விதி. அந்த நிபந்தனைப்படி அவர்களிடம் சான்றிதழ் இல்லை. நாட்டிலேயே கடினமான தேர்வு ஒன்றைத் தாண்டி வந்தவர்கள். வருஷம் பொருந்தாத ஒரு காகிதத்தில் மாட்டிக்கொண்டார்கள். நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்று தெரியும். கைதவறி விழுந்த எழுத்துப்பிழைக்கு மன்னிப்பு கிடைக்கலாம். ஒரு பிரிவில் உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று நிரூபிக்கும் ஆவணம் குறித்த நாளில் இல்லை என்றால் கிடைக்காது. ஆனால், அந்த 'கிடைக்கலாம்' என்பதற்கு பீகார் இளைஞர் கொடுத்த விலை ஐந்தரை வருஷம். அவரோடு தேர்வானவர்கள் அதற்குள் சர்வீஸில் பாதி தூரம் பழகியிருப்பார்கள். விண்ணப்பப் பிழையோடு நெல்லையிலிருந்து மதுரைக் கிளைக்கு வண்டி ஏறுகிறவர், பஸ் செலவையும் வக்கீல் பீஸையும் மட்டுமல்ல, இந்த வருஷக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களின் தனித் தொல்லை

தாமிரபரணிக் கரையில் இந்தப் பிரச்னை இன்னும் கொஞ்சம் கூடுதல். காரணம் நம் பெயர்கள்.

ஊருக்கு ஊர் இசக்கியம்மன் கோயில், தெருவுக்கு நாலு இசக்கி. தமிழில் எழுதினால் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் ஒருவர் 'ஐ' எழுத்தில் தொடங்குவார். இன்னொருவர் 'ஈ' எழுத்தில் தொடங்குவார், படித்தால் 'எசக்கி' என்று வரும். 'எஸ்' ஒன்றா இரண்டா, 'கே' ஒன்றா இரண்டா என்பது ஒண்ணாம் வகுப்பில் சேர்த்த வாத்தியாரின் மனநிலையைப் பொறுத்தது. பேச்சிமுத்துவுக்கு நடுவில் ஒரு 'டி' சேருமா சேராதா, சுடலைக்கு முதல் எழுத்து 'எஸ்'ஸா, 'சி'யா என்று பட்டியல் நீளும். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் வேறு மாதிரி. வீட்டில் யாருக்கும் இது தப்பாகவே தெரிவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பெயர் ஒன்றுதானே! கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள்.

பிறகு இனிஷியல். அப்பா பெயர் சுடலைமுத்து என்றால் ஆங்கிலத்தில் 'எஸ்', தமிழில் 'சு'. 2021 டிசம்பரில் தமிழக அரசு, பெயரைத் தமிழில் எழுதும்போது இனிஷியலையும் தமிழிலேயே எழுதச் சொல்லி ஆணையிட்டது. நல்ல விஷயம். ஆனால், பழைய சான்றிதழ்களில் 'எஸ்.' என்றும் புதியவற்றில் 'சு.' என்றும் வந்து நிற்கும். ஊர்ப் பெயரையும் சேர்த்து இரண்டு இனிஷியல் வைத்துக்கொள்கிற குடும்பங்களில், ஒரு சான்றிதழில் இரண்டும் இருக்கும். மற்றதில் ஒன்று தொலைந்திருக்கும். மத்திய அரசு, தனியார் படிவங்களில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டம் வேறு. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத ஊரில் அந்தக் கட்டத்தில் ஒருத்தர் இனிஷியலைப் போடுவார், ஒருத்தர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார், ஒருத்தர் புள்ளி வைத்துவிட்டுப் போவார்.

மாவட்டத்தின் பெயர்கூட நம்மை நிம்மதியாக விட்டதில்லை. 1986-ல் தூத்துக்குடி தனியாகப் போனது. அதன்பின் இது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது மறுபடியும் திருநெல்வேலி. 2019 நவம்பர் 22-ல் தென்காசி பிரிந்தது. சங்கரன்கோவிலில் 2000-ல் பிறந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழ் திருநெல்வேலி என்று சொல்லும். இன்றைய முகவரி தென்காசி. 'சொந்த மாவட்டம்' என்று படிவம் கேட்கும்போது எதை எழுதுவது என்று அவர் திகைப்பது நியாயம்தானே?

2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி அரசாணை வெளியானதும், சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கலாம். அன்று பலரும் அதைக் கேலி செய்துவிட்டுக் கடந்துபோனார்கள். அது நடைமுறைக்கு வந்திருந்தால் ஒவ்வொரு சான்றிதழுக்கும் புதிதாக ஒரு பொருத்தம் பார்க்க வேண்டியிருந்திருக்கும்!

பெயர் விஷயத்தில் எளிய வழி ஒன்றுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எதிரே வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்து, அதில் உள்ள இடைவெளி, அதில் உள்ள புள்ளி என்று அப்படியே எழுதுவது. தேர்வாணையங்கள் அதைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன. ஆதாரில் வேறு மாதிரி இருந்தால், அறிவிப்பு வருவதற்கு முன்பே ஆதாரைத் திருத்திக்கொள்ள வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நாள் பத்தாது.

சான்றிதழ் என்றால் எந்தச் சான்றிதழ்?

எழுத்துப்பிழையைவிட அதிகம் காவு வாங்குவது இதுதான். கல்யாணம் ஆன பெண்கள் முதலில் கவனிக்க வேண்டியது: டி.என்.பி.எஸ்.சி.க்குச் சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் கணவர் பெயர் ஏறியிருக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது பழக்கதோஷத்தில் அதுவே சாதிச் சான்றிதழிலும் ஏறிவிடுகிறது.

மாநில அரசு வேலைக்கு பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிய சான்றிதழை அப்படியே ரயில்வேக்கும் எஸ்.எஸ்.சி.க்கும் நீட்டுகிறவர்கள் இன்னொரு கூட்டம். மத்திய அரசுக்கு, கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். படிவ மாதிரியும் வேறு, எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்ற கணக்கும் வேறு. பட்டியல் சாதியினரில் ஏழு பிரிவுகள் 2021-ல் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன. நெல்லைச் சீமையில் ஏராளமான குடும்பங்களில் அப்பாவின் சான்றிதழ் ஒரு பெயரிலும் மகளின் சான்றிதழ் இன்னொரு பெயரிலும் இருப்பது இதனால்தான். படிவத்தில் தேர்வு செய்யும் பெயர், கையில் இருக்கும் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சப்மிட் பட்டனை அழுத்த வேண்டும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவிகித ஒதுக்கீடு நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய வரம். 2010-ல் வந்த சட்டம் இது. 2020-ல் திருத்திய பிறகு, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளியிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். அதற்கான சான்றிதழைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். ஒண்ணாம் வகுப்பு ஊரில் டி.டி.டி.ஏ. பள்ளியில், ஆறாம் வகுப்பு பக்கத்து ஊரில், மேல்நிலை பாளையங்கோட்டையில், டிகிரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் என்று படித்தவர் நாலு இடத்துக்கு நடக்க வேண்டும். இடையில் ஒரு பள்ளி மூடப்பட்டிருந்தால் கல்வி அலுவலகத்துக்கும் சேர்த்து நடை. ரிசல்ட் வந்த பிறகு தொடங்கினால் மூச்சு முட்டும். படிக்கத் தொடங்கும்போதே வாங்கி வைத்துவிட்டால் நிம்மதி.

போலீஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கட்டம் உண்டு: 'உங்கள் மீது வழக்கு ஏதேனும்?' ஊர்க் கொடையில் நடந்த தள்ளுமுள்ளில் பத்தோடு பதினொண்ணாக எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறியிருக்கும். கேஸ் எப்போதோ முடிந்திருக்கும். 'அதான் விடுதலை ஆயிட்டோம்லா' என்று 'இல்லை' போட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனால் கிடைத்த விடுதலையும் வழக்கில் தொடர்பு இருந்ததாகவே கணக்கில் வருகிறது. 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அற்ப வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் அதை மன்னிக்கலாம், ஆனால் வேண்டுமென்றே மறைத்ததே வேலையைப் பறிக்கப் போதுமான காரணமாகவும் ஆகலாம் என்று வழிகாட்டியது. இந்த ஒரு இடத்தில் கவனக்குறைவும் பொய்யும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். விதி கடுமையானது என்பது என் கருத்து. சண்டை பார்க்கப் போன பையனையும் சண்டை போட்டவனையும் அது ஒரே தராசில் நிறுத்துகிறது. ஆனாலும், விதி மாறும் வரை அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதிவிட்டுப் போராடுவதுதான் பிழைக்கிற வழி.

வெள்ளம் கொண்டுபோன காகிதம்

இதையெல்லாம் 'கவனமா இருங்கப்பா' என்ற அறிவுரையோடு முடிக்க முடியாததற்குக் காரணம், 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் மூழ்கடித்தது. நெல்லை ஜங்ஷனே குளமாகிக் கிடந்தது. தரையோடு தரையாக இருந்த வீடுகளில், டிரங்குப் பெட்டிக்குள் அந்த பிளாஸ்டிக் கவர்களும் இருந்தன. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் சேறாகிப் போயின. பிறகு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் சான்றிதழ் கொடுத்தது. கவனமாக இருந்தவர்களின் காகிதங்களும்தான் அன்று போயின. டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தவர்கள் மட்டும் கொஞ்சம் தப்பித்தார்கள். மொபைலில் எடுத்த மங்கலான போட்டோ அதற்கு ஈடாகாது.

மாஞ்சோலைப் பிள்ளைகளின் நிலைமை வேறு. எஸ்டேட் லயன் வீடுதான் அவர்களுக்குத் தலைமுறைகளாக முகவரி. 2024-ல் தேயிலைக் கம்பெனி தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பி, வீட்டையும் காலி செய்யச் சொன்னது. 'நிரந்தர முகவரி' என்ற ஒரு வரிக்கு அவர்கள் என்ன எழுதுவார்கள்? படிவத்தை வடிவமைக்கிறவர்கள் இப்படி ஒரு ஆளை மனதில் வைத்து யோசிப்பதே இல்லை.

அந்த வகையில் டி.என்.பி.எஸ்.சி. கொஞ்சம் இறங்கி வந்திருப்பதைப் பாராட்ட வேண்டும். 150 ரூபாய் கட்டி ஒருமுறை நிரந்தரப் பதிவு செய்தால் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். கடைசித் தேதி முடிந்த பிறகு, விண்ணப்பத்தைத் திருத்த மூன்று நாள் அவகாசமும் கொடுக்கிறார்கள். அந்த மூன்று நாளும் முடிந்தால் அதன்பின் எந்த மனுவும் செல்லாது. பிரச்னை என்னவென்றால், பிரவுசிங் சென்டரில் போட்ட விண்ணப்பத்துக்கு பாஸ்வேர்டு அண்ணாச்சியின் நோட்டில் இருக்கும், மெயில் ஐடி அவர் உருவாக்கியதாக இருக்கும். திருத்தலாம் என்ற தகவல் அந்த மெயிலுக்குப் போய், யாரும் திறக்காமல் கிடக்கும். சென்டருக்குப் போவதில் தப்பே இல்லை. மொபைல் நம்பரும் மெயிலும் பாஸ்வேர்டும் உங்களுடையதாக இருக்கட்டும். சப்மிட் செய்வதற்கு முன் வரும் முன்னோட்டப் பக்கத்தை, சான்றிதழை ஒருத்தர் சத்தமாக வாசிக்க, இன்னொருத்தர் திரையைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். பழைய நெல்லைப் பத்திர எழுத்தர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

போட்டோ, கையெழுத்து விஷயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2024 பிப்ரவரியில் உத்தரப்பிரதேசக் காவலர் தேர்வுக்கு நடிகை சன்னி லியோன் பெயரும் படமும் போட்ட ஹால் டிக்கெட் ஒன்று நாடெங்கும் சிரிப்பாய்ச் சிரித்தது. நம் ஊரில் அவ்வளவு தூரம் போவதில்லை. தங்கச்சி போட்டோவை அக்கா விண்ணப்பத்தில் ஏற்றுவது, கூலிங் கிளாஸ் போட்ட படத்தைக் கொடுப்பது, கையெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போடுவது என்ற அளவில் நடக்கிறது. எஸ்.எஸ்.சி. இப்போது பழைய படத்தை ஏற்பதை விட்டுவிட்டு, விண்ணப்பிக்கும்போதே கேமராவில் நேரடியாகப் படமெடுக்கும் முறைக்குப் போய்விட்டது.

கங்கைகொண்டான் கேட்டில்

அரசு வேலை மட்டும்தான் வேலையா என்ற கேள்விக்கு இப்போது நெல்லையைச் சுற்றி உருப்படியான பதில்கள் முளைத்திருக்கின்றன. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சோலார் தொழிற்சாலை வந்துவிட்டது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ல் திறக்கப்பட்டது. கூடங்குளமும் மகேந்திரகிரியும் ஏற்கெனவே இருக்கின்றன.

இங்கே விதிப்புத்தகம் கிடையாது, திருத்தும் அவகாசமும் கிடையாது. விளம்பரத்தில் என்.சி.வி.டி. ஐ.டி.ஐ. சான்றிதழ் என்று இருந்தால் எஸ்.சி.வி.டி.யை எடுத்துக்கொண்டு மகேந்திரகிரி வரை பஸ் ஏறுவது வீண். ரெஸ்யூமில் மொபைல் நம்பரில் ஒரு இலக்கம் மாறினால், ஏன் கூப்பிடவில்லை என்பதுகூடக் கடைசி வரை தெரியாது. நண்பனின் ரெஸ்யூமை காப்பி செய்து அப்பா பெயரை மாற்ற மறப்பது பழைய கதை. இப்போது ஏ.ஐ. எழுதிக்கொடுத்த கடிதத்தில் 'உங்கள் பெயரை இங்கே எழுதவும்' என்ற வரியோடு அனுப்புவது புதுக் கதை. ஒரு கம்பெனிக்கு எழுதிய கடிதம் அதன் போட்டிக் கம்பெனிக்கும் அதே பெயரோடு போய்ச் சேருகிறது. இதைப் பார்க்கிற எச்.ஆர்., பையனுக்கு வேலை தெரியாது என்று முடிவுகட்டுவது அநியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் சோலார் செல்லில் தலைமுடி அளவு விரிசலைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறவர், இரண்டு பக்கக் காகிதத்தில் இருக்கிற தப்பைப் பார்க்காதவரை எப்படி எடுப்பார்?

கவனம் ஒருபக்கம் மட்டும் இருந்தாலும் ஆபத்துதான். நம் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பதைப் போலவே, நமக்கு வருகிற வேலை அழைப்பையும் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், டூரிஸ்ட் விசாவில் வந்தால் போதும் என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், 2022-லிருந்து மியான்மர், கம்போடிய சைபர் மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள். கம்பெனி மெயில் ஜிமெயிலில் இருக்கிறதா, வேலை விசாவா டூரிஸ்ட் விசாவா, ஏஜென்டின் பதிவு எண் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாஸ்போர்ட்டை நீட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். அந்தத் தளத்தில் தேடுவதற்குப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.